காசியப கோத்திரத்து உத்தமன்

பொம்மசந்திராவில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உத்தமன் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் அவன் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. ஒவ்வொரு துண்டையும் வெர்னியரில் அளப்பான், துணியால் துடைப்பான், மறுபடியும் அளப்பான். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவான். "விடுங்கண்ணா, ஓடிடும்" என்று இன்ஜினியர் பையன்கள் கெஞ்சுவார்கள். "ஓடறது வேற, சரியா இருக்கறது வேற" என்பான்.

வீட்டிலும் அதே கதைதான். நீலசந்திராவில் இரண்டாவது மாடியில் இருந்த அந்த வீட்டில் குடங்கள் உயர வரிசையில் நிற்கும். கேஸ் அடுப்பை மூடிவிட்டு மனைவி சொர்ணம் நகர்ந்த பிறகு அவன் ஒருமுறை போய்த் திருகிப் பார்ப்பான். தங்கை சிந்து பள்ளிக்குப் போன காலத்தில் அவளுடைய இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா என்று பார்த்துத்தான் படியிறங்க விடுவான். அப்பா கன்னியப்பன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சில வருஷங்களில் அம்மாவும் போனாள். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தை ஸ்பூனில் அளந்து ஊட்டியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, வயதுக்கு வந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னது, எல்லாமே உத்தமன்தான். அவளுடைய கல்யாணத்தில் தாரை வார்க்கப்போவதும் தானே என்று அவன் நினைத்திருந்ததில் யாருக்கும் மறுப்பு இருந்ததில்லை.

உத்தமனிடம் அளந்து பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவனுடைய கோத்திரம்.

அப்பாவும் அம்மாவும் போளூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். குலதெய்வம் எது, பங்காளிகள் யார், ஒன்றும் தெரியாது. சொர்ணத்தைப் பெண் கேட்டுப் போன இடத்தில் அவளுடைய அப்பா, "இன்னா கோத்திரம்?" என்று கேட்டார். "நாளைக்கு வந்து சொல்றேன்" என்று உத்தமன் எழுந்து வந்துவிட்டான். நேராகத் தெருமுனைக் கோயில் குருக்களிடம் போனான்.

"பொண்ணு வீட்ல கோத்திரம் கேக்கறாங்க சாமி. எனக்குத் தெரியாது."

"தெரியாதவாளுக்குக் காசியபம்னு சொல்றது வழக்கம்தான். தப்பொண்ணும் இல்ல. ஆனா தெரியாம வெச்சுண்டதுன்னு அவாகிட்டயும் சொல்லிடு."

முதல் பாதியைச் சொன்னான், இரண்டாவது பாதியை விட்டுவிட்டான். கல்யாணத்தில் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்களே என்று தாத்தாவுக்கு ஒன்றும் முப்பாட்டனுக்கு ஒன்றுமாக அவனே இரண்டு பெயர் யோசித்து வைத்துக்கொண்டான். வருஷம் போகப் போக அந்தத் தாத்தாவுக்கு நிலம் வந்தது, கிணறு வந்தது. மச்சான்மார் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பொங்கலன்று குதிரையும் வந்தது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் அர்ச்சனைத் தட்டை நீட்டி, வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும்படி, "காசியப கோத்திரம், உத்தமன், சொர்ணம், சிந்து" என்பான். குருக்கள் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்வார்.

ஜீவனஹள்ளியில் எல்லம்மா மகன் ஹரிஷ்குமாரின் ஜாதகம் வந்தபோது உத்தமன் வேலையைச் சுத்தமாகச் செய்தான். பையன் வேலை செய்யும் ஆபீஸ் வாசலில் நின்று அவன் எப்போது வருகிறான் எப்போது போகிறான் என்று பார்த்தான். அவர்கள் வீட்டெதிரே டீக்கடையில் உட்கார்ந்து அம்மாக்காரியின் வாய் எப்படி என்று விசாரித்தான். மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறதா என்றுகூட அசைத்துப் பார்த்தான். கோத்திரத்தை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர்களும் திருப்பிக் கேட்பார்கள், பேச்சு ஊருக்குப் போகும், பங்காளிகளுக்குப் போகும். அதனால் அந்தச் சொல்லை அவன் எங்கும் முதலில் எடுப்பதில்லை. எல்லம்மாவோ, இவ்வளவு துருவுகிற மனிதன் இதைப் பார்க்காமலா இருப்பான் என்று விட்டுவிட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன ஹால் பிடித்திருந்தார்கள். எல்லம்மா வீட்டுப் புரோகிதர் லக்ன பத்திரிகையை எடுத்து ராகம் போட்டு வாசித்தார். பையனுக்கு மூன்று தலைமுறை சொல்லி, "காசியப கோத்திரம்" என்றார். சிந்துவுக்கு வந்தபோது உத்தமன் எழுதிக் கொடுத்த பெயர்களை வாசித்து, "காசியப..." என்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

பின்வரிசையில் ஒரு கிழவி, "இதென்னடி கூத்து, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா மாலை வாங்கியாந்தீங்க?" என்றாள். யாரோ சிரித்தார்கள். சிந்து தலையைக் குனிந்துகொண்டாள். ஹரிஷ் கைக்கடிகாரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

எல்லம்மா பதறவில்லை. "பேடா பேடா, வேணாம், யாரும் எழுந்துக்காதீங்க. எல போட்டாச்சு. மொதல்ல சாப்புடுங்க" என்றாள். பந்தி முடிந்த பிறகு உத்தமன், சொர்ணம், சொர்ணத்தின் தம்பி பரத், பரத்தின் மனைவி தீபிகா ஆகியோரை ஒரு மூலையில் உட்கார வைத்தாள்.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. கோத்திரம்தான் இடிக்குது. பொண்ணு கோத்திரத்த மாத்திட்டா ஆச்சு. எங்க ஓரகத்தி வீட்ல இப்படித்தான் செஞ்சோம்." பரத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா கோத்திரம்பா?"

வாயில் வெற்றிலையோடு பரத், "கௌண்டின்யம்" என்றான்.

"போதும். நீங்களும் உங்க வீட்டுக்காரியும் சிந்துவ சாஸ்திரத்துக்குத் தத்து எடுத்துக்குங்க. மனையில உக்காந்து தாரை வாத்துக் குடுத்துடுங்க. உத்தமன் தம்பி மொத வரிசையில சேர் போட்டு ஒக்காந்து பாக்கட்டும். அவருக்கும் வேலை மிச்சம்."

தீபிகா சிரித்தாள். "ரெண்டும் பையனாப் போச்சேன்னு இருந்தேன். பிரசவ வலி இல்லாம பொண்ணு வருது, வேணாம்னா சொல்லுவேன்?"

"மாமா சொன்னா எனக்கு ஓகே" என்றான் பரத்.

பரத் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் வண்டியில் பின்விளக்கு எரிந்து உத்தமன் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு குழந்தையை வேறொரு நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வந்தவன். அந்தக் கை சிந்துவின் கையின்மேல் தண்ணீர் ஊற்றும், அவன் அப்பா பெயரை அவளுடைய தாத்தா என்று வாசிப்பார்கள். உத்தமன், "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னான். முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சிந்து கேட்டாள். "இதுல யோசிக்க இன்னாண்ணா இருக்குது? ஒரு மணி நேரச் சடங்கு. அதுக்கப்புறமும் நான் உன் தங்கச்சிதானே?"

"சாஸ்திரப்படி இல்ல."

"சாஸ்திரத்த யாரு கேட்டா?"

"நான் கேக்கறேன். உன்ன வளத்தவன் கேக்கறேன். பின்லைட் எரியாத பயலுக்கு மகளாப் போறேன்றியா?"

அடுப்படியிலிருந்து சொர்ணம், "எந்தம்பிய ஏன் இழுக்கறீங்க? அவன் வீட்டுக் கோத்திரம் உங்களுதுக்கு எதுல கொறச்சல்?" என்றாள். யாருடைய கோத்திரம் குறைச்சல் என்பது உத்தமனுக்குத்தான் தெரியும்.

மறுநாள் மாலை கோயிலுக்குப் போனான். சிந்துவும் பின்னாலேயே வந்தாள். அவளைச் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனான். குருக்கள் திரி திரித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இதுல என்ன சங்கடம்? உங்கப்பா கோத்திரம் தெரியாது, குருக்கள் சொல்லித்தான் காசியபம்னு வெச்சுண்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு. தடையே கிடையாது. வேணும்னா நானே வந்து சொல்றேன்."

"என் வீட்டுக்காரிக்கே தெரியாது சாமி."

"அப்போ தத்து குடு."

"அது முடியாது."

"ரெண்டும் முடியாதுன்னா பொண்ணு என்ன பண்ணுவா உத்தமா?"

உத்தமன் தட்டிலிருந்து விபூதியை எடுத்து நெற்றியில் கோணாமல் இட்டுக்கொண்டு வெளியே வந்தான். சிந்து செருப்புப் பக்கம் இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கசாப்புக் கடைகளைத் தாண்டி மசூதி முனைவரை நடந்தார்கள்.

"அப்போ குதிரை?" என்றாள் சிந்து.

அவன் நடையை எட்டிப் போட்டான்.

"சொல்லிடுண்ணா. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"இன்னான்னு சொல்றது? எங்கம்மா ஓடி வந்தவ, எங்கப்பனுக்குப் பங்காளி யாருன்னே தெரியாது, நாங்க குருக்கள்கிட்ட கோத்திரம் பிச்சை வாங்கினவங்கன்னு சொல்லட்டுமா? இத்தன வருசமா சொர்ணம் வீட்ல என்ன எந்த எடத்துல ஒக்கார வெச்சிருக்காங்க தெரியுமா? ஒரு மாப்பிள்ளைக்காக அத்தனையும் விடணுமா?"

"ஒரு மாப்பிள்ளைக்காக இல்ல. எனக்காக."

"உனக்காக நான் விட்டதெல்லாம் போதும்" என்றான் உத்தமன்.

சிந்து இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். மூன்றாம் நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக ஜீவனஹள்ளிக்குப் போனாள்.

உத்தமன் மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எல்லம்மா. எழுந்து இரும்புச் சுருள் கொட்டியிருக்கும் மதிலோரம் போனான்.

"தம்பி, உங்க தங்கச்சி இங்க வந்து நிக்கறா. ஹரிஷும் இருக்கான். எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். உங்களுக்குக் கோத்திரமே கெடையாது, குருக்கள் சொன்னத வெச்சிருக்கீங்கன்னு சொல்றா. நெசமா?"

உத்தமன் ஓர் இரும்புச் சுருளைக் காலால் ஒதுக்கினான்.

"தப்பா நெனைக்காதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நம்ம சனத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. அப்படின்னா தத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்களே தாரை வாத்துக் குடுங்க. எனக்கு வேண்டியது ஆமாவா இல்லயா, அவ்வளவுதான்."

பின்னாலிருந்து சிந்துவின் குரல் கேட்டது. "ஆமான்னு மட்டும் சொல்லுண்ணா."

வேறு எதுவும் கேட்கப்படவில்லை. தாரை வார்க்கும் உரிமைகூடத் தட்டில் வைத்துத் திரும்பி வந்திருந்தது. ஆனால் அந்த ஆமாவுக்குப் பிறகு எல்லம்மா அதை ஓரகத்தியிடம் சொல்வாள், அது தீபிகாவின் காதுக்குப் போகும், தீபிகா சிரிப்பாள். அடுத்த பொங்கலுக்கு மச்சான்மார் நடுவில் உட்கார்ந்தால் யாராவது குதிரையைக் கேட்பார்கள். அந்தச் சிரிப்பை உத்தமன் அப்போதே காதால் கேட்டான்.

"அவ பொய் சொல்றா" என்றான்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"கல்யாணம் நடக்கணும்னு எத வேணா சொல்லுவா. எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க காசியப கோத்திரம். செல்லம் குடுத்து வளத்தது என் தப்பு."

"ஏன் சிந்து இப்படி?" என்று ஹரிஷ் கேட்பது கேட்டது.

எல்லம்மா மறுபடியும் பேசியபோது குரல் தணிந்திருந்தது. "சரிங்க தம்பி. கோத்திரம் ஒண்ணா இருந்தா மாத்திக்கலாம். அப்பன் பாட்டனையே இல்லைன்னு பொய் சொல்ற பொண்ண வீட்டுக்குள்ள விட எனக்கு தைரியம் இல்ல. நீங்களே வந்து கூட்டிக்கினு போங்க."

"அவளே வருவா. பஸ் தெரியும்" என்று உத்தமன் போனை வைத்தான். உள்ளே போய் மீதியிருந்த பெட்டியை அளந்து முடித்தான்.

சிந்து அன்று இருட்டுவதற்கு முன் வந்தாள். துணிகளை மடித்து இரண்டு பைகளில் வைத்தாள். எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் கிடைத்திருப்பதாகச் சொர்ணத்திடம் மட்டும் சொன்னாள். உத்தமன் வழியில் நின்றான். "இன்னாத்துக்கு இந்த வேஷம்? ஊரு இன்னா பேசும்?" என்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

ஊர் அவனுக்குச் சாதகமாகத்தான் பேசியது. தங்கச்சி கல்யாணமே நின்றாலும் ஒரே கோத்திரத்தில் கொடுக்கமாட்டேன் என்று நின்ற மனிதன் என்று மாடிவீட்டுக்காரர்கள் சொன்னார்கள். தொழிற்சாலையில் ஒருவன், "இந்தக் காலத்துல யாருண்ணா இப்படிப் பாக்கறாங்க?" என்று வியந்தான். உத்தமன், "சில விஷயம் சரியா இருக்கணும்" என்றான். சொல்லச் சொல்ல அதுவே நடந்த கதையாகிவிட்டது. அந்த ஆவணியில் ஹரிஷுக்கு வேறு இடத்தில் முடிந்தது என்று கேள்விப்பட்டபோது, "நல்லது. அந்தப் பொண்ணு வேற கோத்திரமா இருக்கும்" என்று சொல்லிக் காப்பியை ஆற்றிக் குடித்தான். சிந்து போன் எடுப்பதில்லை. கிருத்திகைதோறும் அவள் பெயரை விடாமல் அர்ச்சனைக்குச் சொன்னான். குருக்கள் இப்போதெல்லாம் அந்த ஒரு பெயருக்கு முன்னால் கொஞ்சம் நின்று அவன் முகத்தைப் பார்ப்பார்.

ஒன்றரை வருஷம் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பரத்தும் தீபிகாவும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசல்படிக்கு வெளியே சிந்து நின்றாள். பரத் பத்திரிகையை நீட்டிவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான்.

உத்தமன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தான். மாப்பிள்ளை மாதேஷ், ஓசூர், பாரத்வாஜ கோத்திரம். மணமகள், கௌண்டின்ய கோத்திரம் பரத், தீபிகா தம்பதியின் சுவீகார புத்திரி சிந்து. கீழே உறவினர் பெயர்களில் எட்டாவதாக உத்தமன் சொர்ணம் என்று இருந்தது.

"பாரத்வாஜம்" என்றான். "நமக்கு வேற. ஒரே கோத்திரம் இல்லையே. எதுக்குத் தத்து?"

"அவதான் மாமா கேட்டா" என்றான் பரத்.

சிந்து உள்ளே வராமலேயே பேசினாள். "எங்க போனாலும் ஒருத்தர் இல்லன்னா ஒருத்தர் கோத்திரம் கேக்கறாங்க. சொல்றதுக்கு ஒண்ணு வேணும். இவங்ககிட்ட நெசமாவே ஒண்ணு இருந்துச்சு. கேட்டேன், குடுத்தாங்க."

சொர்ணம் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நெசமாவேன்னா? அப்போ அன்னிக்கு இவ சொன்னது...?" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதற்குமேல் கேட்கத் தேவைப்படவில்லை.

"நான் வளத்தேன் சிந்து" என்றான் உத்தமன்.

"ஆமா. பொய் சொல்றவளப் போய் வளத்துட்டோமேன்னு உனக்கும் கஷ்டமா இருந்திருக்கும்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. தெருவில் பூக்காரர் போவதைப் பார்த்து, "மணியாகுது, இன்னும் நாலு வீடு இருக்கு" என்று படியிறங்கினாள்.

கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். உத்தமனுக்கு நான்காவது வரிசையில், தூணை ஒட்டி இடம் கிடைத்தது. சொர்ணம் பக்கத்தில் இல்லை. பெண்ணின் அப்பாவோடு பிறந்தவள் என்பதால் அவள்தான் அத்தை. பட்டுப்புடவையில் மேடைமேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

புரோகிதர் பெண்ணின் மூன்று தலைமுறையைச் சொல்ல ஆரம்பித்தார். பரத்தின் தாத்தா பெயர் வந்தது, அப்பா பெயர் வந்தது, பரத்தின் பெயர் வந்தது. மூன்று முறை சொன்னார். உத்தமன் இட்டுக்கட்டிய தாத்தாவும் முப்பாட்டனும் அதில் இல்லை. அவர்கள் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கன்னியப்பன் என்ற பெயரும் இல்லை. இவ்வளவு பொய்யில் மெய்யாக இருந்தது அது ஒன்றுதான். அவன் இன்னொரு முறை கேட்கும் என்று கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். அதற்குள் மேளம் தட்டிவிட்டார்கள். பரத் பழக்கமில்லாத கையால் செம்பைச் சரித்தான். தண்ணீர் பாதி வெளியே சிந்தியது. கையில் வைத்திருந்த அட்சதையை உத்தமன் போட மறந்துபோனான்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். அவனையும் யாரோ தோளைத் தொட்டு அனுப்பினார்கள். மாதேஷும் சிந்துவும் குனிந்து அவன் காலைத் தொட்டார்கள். அவள் தலையில் வைத்திருந்த மல்லிகை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சரி செய்யக் கை போனது. அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"இவரு யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க அத்தை வீட்டுக்காரர்" என்றாள் சிந்து. பிறகு அவனிடம், "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்றாள்.

போட்டோ எடுக்கிறவன் கேமராவை உயர்த்தினான். "மாமா, கை தலை மேல வைங்க. ஆங், அப்படித்தான். கொஞ்சம் இங்க பாத்து சிரிங்க."

உத்தமன் கையை அவளுடைய வகிட்டுக்கு நேராக, கோணாமல் வைத்தான். வெளிச்சம் அடிக்கும்வரை எடுக்கவில்லை.